மூன்று குட்டிகளை வாங்குமுன் உங்கள் நாயின் ஊசி அட்டையைப் பாருங்கள்

கேள்வி: திருவாரூருக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊரில் ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து, அடிபட்ட நாய் பூனைகளை மீட்டு, தேறியதும் தத்துக் கொடுக்கிறார்கள். அவர்களோடு சேரலாம் என்று போனேன். முதல் நாளே, பாலத்தடியில் யாரோ விட்டுப்போன மூன்று நாய்க்குட்டிகளைக் காட்டி, “ரெண்டு வாரம் உங்க வீட்ல வச்சுக்குங்க டீச்சர்” என்கிறார்கள். ஒன்றரை மாதக் குட்டிகளாம். வீட்டில் நான்கு வயது நாய் ஒன்று இருக்கிறது, அதற்கு ஊசியெல்லாம் போட்டாயிற்று. எட்டு வயதில் மகள் இருக்கிறாள். இருக்கிற நாயையே மாமியார் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? இல்லை, நான் செய்ய வேறு வேலை ஏதும் உண்டா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இந்த வாரம் வாங்காதீர்கள். அடுத்த மாதம் வாங்கலாம், அதற்குள் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

“ஊசியெல்லாம் போட்டாயிற்று” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊசி? நம் பக்கத்தில் அப்படிச் சொல்பவர்களில் பலர் வெறிநோய்த் தடுப்பூசி ஒன்றை மட்டுமே போட்டிருப்பார்கள். அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ‘டிஹெச்பிபிஐ’ (DHPPi) என்ற கூட்டுத் தடுப்பூசியின் ஸ்டிக்கர் இருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதியில் போட்டது? தெருக் குட்டிகளை வரிசையாக வாரிக்கொண்டு போகும் பார்வோ நோய்க்கும் டிஸ்டம்பருக்கும் அதுதான் காப்பு. ஸ்டிக்கர் இல்லையென்றாலோ, காலம் கடந்திருந்தாலோ உங்கள் நாய்க்கு இப்போதே போட்டு, இரண்டு வாரம் போகட்டும். மருந்தை நீங்களே கடையில் வாங்கிப் போவதானால் ஐஸ் பையோடு வாங்குங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. பஸ்ஸில் கைப்பையில் கிடந்து சூடேறியதைப் போட்டால், அட்டையில் ஸ்டிக்கர் இருக்கும், உடம்பில் காப்பு இருக்காது.

அடுத்து உங்களுக்கு. வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் கடி வாங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ளலாம்: முதல் ஊசி, ஏழாம் நாள் ஒன்று, 21 அல்லது 28-ஆம் நாள் ஒன்று. நாய்களோடு பழகப் போகிற யாரும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. இதை முடித்தவர்களுக்குப் பிறகு கடிபட்டால், அன்றும் மூன்றாம் நாளும் இரண்டே ஊசிதான். புண்ணைச் சுற்றிப் போடும் சீரம் தேவைப்படாது. ஆனால் அந்த இரண்டைக் கட்டாயம் போட வேண்டும். ‘முன்னாடியே போட்டிருக்கிறேனே’ என்று விட்டுவிடக் கூடாது.

உங்கள் மகளுக்கும் போட்டுவிடுங்கள். ஒன்றரை மாதக் குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். தாய் எது, அதை எது கடித்தது என்று பாலத்தடியில் கிடைத்த குட்டிக்கு யார் சொல்ல முடியும்? பால்பல் பட்டு ரத்தம் துளிர்த்தாலும் அது கடிதான். குட்டிதானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருந்துவிடுவது உயிருக்கே ஆபத்து. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் கீறலை மறைத்துவிடுவார்கள். சொன்னால் திட்டமாட்டேன் என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இனி குட்டிகள். பார்வோ உள்ளே புகுந்தபின் மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் வெளியே தெரியும், சிலவற்றில் பதினான்கு நாள்கூட ஆகும். தெரிவதற்கு முன்பே மலத்தில் கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். ‘இரண்டு வாரம்’ என்று குழுவினர் சொன்னது சரியான கணக்கு. அந்தப் பதினான்கு நாளும் தனியறை வேண்டும். கொல்லைப்புற மண்தரை கூடாது, ஏனென்றால் மண்ணில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், எதை ஊற்றியும் எடுக்க முடியாது. அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு குட்டி வந்தால் அதே மண் அதற்கும் எமனாகும். சிமென்ட் போட்ட சாமான் அறையோ, பழைய குளியலறையோ போதும். ஐப்பசி, கார்த்திகையில் தரை சில்லிட்டுக் கிடக்குமே, அதனால் ஒரு பலகை போட்டு மேலே சாக்கு விரித்துவிடுங்கள்.

ஃபினாயில் ஊற்றினால் சுத்தம் என்பது நம் வீடுகளில் ஊறிய நம்பிக்கை. பார்வோ கிருமி ஃபினாயிலுக்குச் சாகாது. பூனைகளுக்கோ ஃபினாயிலே விஷம். வேண்டியது பிளீச்சிங் பவுடர்: பத்து லிட்டர் வாளிக்கு 60 முதல் 70 கிராம். புதிதாகப் பிரித்த பாக்கெட்டாக இருக்கட்டும், வாய் திறந்து ஆறு மாதம் கிடந்த பவுடரில் காரம் போயிருக்கும். முதலில் மலத்தை வாரி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பிறகு பிளீச்சிங் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அழுக்கின்மேல் நேராக ஊற்றினால் மருந்தின் வேகம் அழுக்கோடே போய்விடும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள், கிளம்பும் புகை நுரையீரலைப் பிடிக்கும். குட்டிகளை அந்த நேரம் ஒரு அட்டைப் பெட்டியில் வெளியே வைத்துவிட்டு, தரை காய்ந்ததும் விடலாம்.

காலையில் முதலில் உங்கள் நாய்க்குச் சோறு, பிறகுதான் குட்டிகள். இந்த வரிசை மாறக் கூடாது. குட்டிகள் அறைக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ஒரு பழைய நைட்டி. வாசலிலேயே மாற்றிக்கொண்டு, வெளியே வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பசும்பால் வேண்டாம். பால் குடித்துக் கழிந்தால், கழிச்சல் பாலாலா நோயாலா என்று உங்களுக்கே பிடிபடாது. குழைய வேகவைத்த சோற்றில், உப்பும் வெங்காயமும் இல்லாமல் அவித்த கோழியைப் பிய்த்துப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள். வேகவைத்த முட்டையும் தரலாம். தினமும் ஒரே நேரத்தில், ஒரு துணிப்பையில் போட்டுத் தராசில் எடை பாருங்கள். வளரும் குட்டி ஒரு நாள் எடை கூடவில்லையென்றால் கவனிக்க வேண்டும், குறைந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மூன்றில் ஒன்று மட்டும் சோற்றை முகர்ந்துவிட்டு மூலையில் போய்ப் படுத்தால், வாந்தி வரும்வரை காத்திருக்காதீர்கள். பார்வோ அப்படித்தான் தொடங்கும். அடுத்து வாந்தி, அடுத்து ரத்தம் கலந்த கழிச்சல். அந்த நாற்றம் ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. பிடரித் தோலை இரண்டு விரலால் இழுத்து விடுங்கள். சட்டென்று படிந்தால் நல்லது. கூடாரம் போல நின்று மெதுவாக இறங்கினால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, உடனே ஊசிவழித் திரவம் ஏற்ற வேண்டும். வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் குளுக்கோஸ் தண்ணீரைச் சிரிஞ்சால் பீய்ச்சினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், வயிற்றுப்போக்கு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

குடற்புழு மருந்து கொடுத்து, குட்டிகள் தெம்பாக இருந்தால் மட்டும் முதல் கூட்டுத் தடுப்பூசி. பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். ஊசி போட்ட மூன்றாம் நாள் குட்டி படுத்துவிட்டால், ‘ஊசியாலதான் வந்துச்சு’ என்று பேச்சு கிளம்பும். கிருமி அதற்கு முன்பே உள்ளே இருந்திருக்கும், ஊசிக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கவில்லை.

உங்கள் பக்கத்துக்கே உரிய கவலைகள் இரண்டு. வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயின் மூத்திரம் வழியாக மனிதருக்கும் வரும். காலில் வெடிப்பு இருந்தால் வெறுங்காலோடு கழுவாதீர்கள், கையுறை போடுங்கள். கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சல் காப்பும் சேர்ந்ததைக் கேட்டு வாங்கலாம். இன்னொன்று, கதிர் முற்றும்போது வரப்பில் வைக்கும் எலி மருந்து. தத்துக் கேட்பவரின் வீடு வயலை ஒட்டியிருந்தால், நாயை அவிழ்த்துவிட்டே வளர்ப்பீர்களா என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது.

உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் வேலை இந்தக் கேள்வி கேட்கும் வேலைதான். குழுக்களில் ஓடிப்போய் நாயைத் தூக்க இளவட்டம் நிறைய உண்டு. தத்துக் கேட்டு வரும் போனை நிதானமாகப் பேசி, குறிப்பெழுதி, வீட்டைப் போய்ப் பார்த்து, ‘முடியாது’ என்று முகம் கோணாமல் சொல்லத்தான் ஆள் இருக்காது. வகுப்பறையைச் சமாளிப்பவருக்கு அது வரும். வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா? சோறு வைக்கப் போவது யார், அவர் சம்மதித்தாரா? (ஆசைப்படுவது கல்லூரிப் பையன், சோறு வைப்பது அம்மா. நாய் திரும்பி வருவது பெரும்பாலும் இங்கேதான்.) சைவ வீடென்றால் நாய்க்கு முட்டையாவது வைப்பார்களா? தயிர்சாதத்தில் மட்டும் நாய் தேறாது, பூனையோ இறைச்சி இல்லாமல் பிழைக்கவே பிழைக்காது. கடுவன்தான் வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். பெட்டைக் குட்டிகள்தான் பாலத்தடிக்கு வருகின்றன. ஆறு மாதத்தில் கருத்தடை செய்து தருவதாகக் குழு எழுத்தில் ஏற்றுக்கொண்டால், பெட்டையை வாங்கப் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். கொடுத்த மூன்றாம் நாள், பதினைந்தாம் நாள், ஒன்றரை மாதம் என்று போன் செய்து படம் கேளுங்கள்.

தெருவில் நாய் பிடிக்கப் போகாவிட்டாலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வாய் மூடாமல், எச்சில் ஒழுக, தாடை தொங்கி, குரல் மாறி நிற்கும் நாயைக் காட்டி, “தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கு” என்று யாராவது அழைப்பார்கள். கையை விடாதீர்கள். வெறிநோய் முற்றிய நாய் அப்படியும் இருக்கும். ஆட்களை விலக்கிவிட்டு, உள்ளாட்சி அலுவலகத்துக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள். அடிபட்ட மாடு, ஆடு, நாய் எதுவானாலும் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்துப் பார்க்கலாம். பெரிய அறுவைக்கு ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பணம் கேட்டால் மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ நேராகக் கட்டுங்கள், ரசீதைக் குழுவில் போடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்களுக்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை. ‘செவ்வாய், சனி மாலை ஐந்திலிருந்து ஏழு வரை போன் என் பொறுப்பு’ என்று சொல்லிவிட்டு அதை மட்டும் தவறாமல் செய்யுங்கள்.

அடுத்த மாதம் குட்டிகளை வாங்கும்போது குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தத் தேதியில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், மருந்துச் செலவு யாருடையது, ராத்திரியில் குட்டி படுத்தால் யாரை அழைப்பது, தத்துப் போகாத குட்டி யாரிடம் போகும். தேதி எழுதாத இரண்டு வாரம் ஆறு மாதமாகிவிடும். மாமியாரிடமும் அந்தத் தேதியைக் காட்டுங்கள். ‘கொஞ்ச நாள்’ என்பதைவிட நாட்காட்டியில் வட்டம் போட்ட நாளுக்கு அவர் இறங்கி வர வாய்ப்பு அதிகம். மலத்தைக் கிணற்றடியை விட்டுத் தொலைவில், இரண்டடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். நாற்றம்தான் அவருக்கு முதல் குறையாக இருக்கும்.

குட்டி புது வீட்டுக்குப் போகும் நாளில், ஊசி அட்டை, குடற்புழு மருந்து கொடுத்த தேதி, என்ன சாப்பிட்டது என்ற சீட்டு மூன்றையும் கூடவே கொடுங்கள். பதினான்கு நாளும் நோயில்லாமல் கழிந்திருந்தால், அது படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டை வெட்டித் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். முதல் இரண்டு ராத்திரி அழுகையை அந்த வாசனை கொஞ்சம் குறைக்கும்.