அட்யூஸ் என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள்?

நம் வாதத்துக்கு ஆதாரமாக ஒன்றை எடுத்து முன்வைப்பதுதான் அட்யூஸ். லத்தீனில் 'அட்' என்றால் நோக்கி, 'டூக்கெரே' என்றால் அழைத்துச் செல்வது, அதிலிருந்து வந்த சொல் இது. கணக்கில் தகராறு வந்தால் "இதோ பாருங்க" என்று ரசீதை எடுத்து மேசைமேல் வைப்போமே, அதேதான். எவிடென்ஸ், ரீசன், ஆர்க்யுமென்ட் போன்ற சொற்களோடுதான் பெரும்பாலும் சேர்ந்து வரும். கோர்ட் தீர்ப்பிலும் ஆய்வுக் கட்டுரையிலும் பொருந்தும், ஆனால் சாதாரணப் பேச்சில் போட்டால் கொஞ்சம் அலட்டலாகத்தான் தெரியும், அங்கே கிவ் என்ற சொல்லே போதும். அப்புறம், டிட்யூஸ் என்பது இதே வேரில் பிறந்தாலும் வேறு வேலை செய்வது, இருக்கிற தகவலிலிருந்து முடிவை ஊகிப்பது. அட்யூஸ் என்றாலே நிரூபித்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, முன்வைத்த ஆதாரத்தை நீதிபதி தள்ளிவிட்டாலும் அட்யூஸ் செய்தது செய்ததுதான்.