புள்ளி கிடைத்துவிட்டது, அது வீடுதானா?

வாசகர் ஒருவரிடம் எக்செல் கோப்பில் 3,000 முகவரிகள் இருக்கின்றன. பைத்தான் நிரலில் ஜியோபை என்ற நூலகம் வழியாக, முகவரியை வரைபடப் புள்ளியாக மாற்றித் தரும் நாமினேட்டிம் சேவைக்கு ஒவ்வொன்றாக அனுப்பி அட்சரேகை, தீர்க்கரேகை வாங்குகிறார். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடி, பிறகு பிழை வருகிறதாம். சில வரிகள் காலி. சில முகவரிகள் நடுக்கடலில் விழுகின்றன. காசு கொடுத்து வேறு சேவைக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறார்.

அவசரம் வேண்டாம். ஜியோபையிடம் சொந்தமாக ஒரு முகவரிகூடக் கிடையாது. அது வெறும் தூதுவன். பதில் சொல்வது நாமினேட்டிம். அது பார்த்துச் சொல்வது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவை. பொதுச் சர்வரில் நொடிக்கு ஒரு கோரிக்கைதான் அனுமதி, கோரிக்கையோடு போகும் யூசர் ஏஜென்ட் என்ற குறிப்பில் உங்கள் நிரலை அடையாளம் காட்டும் பெயரும் வேண்டும். வெறும் லூப் இந்த வேகத்தை எளிதாகத் தாண்டிவிடும். உடனே கதவைச் சாத்திவிடுவார்கள். கோரிக்கைகளுக்கு நடுவே இடைவெளி விட ஜியோபையிலேயே ரேட்லிமிட்டர் என்ற கருவி இருக்கிறது, அதில் இடைவெளியை 1 நொடி என்று வையுங்கள். 3,000 முகவரிக்குக் குறைந்தது 50 நிமிடம் ஆகும், ஆகட்டும். இதே அளவில் தினமும் வேலை இருந்தால் பொதுச் சர்வரைத் தொந்தரவு செய்யாமல் நாமினேட்டிமை உங்கள் கணினியிலேயே நிறுவிக்கொள்வதுதான் முறை.

ரேட்லிமிட்டரில் ஒரு பொறி இருக்கிறது. பிழை வந்தால் சில முறை முயன்று பார்த்துவிட்டு, நிரலை நிறுத்தாமல் நன் (None, அதாவது ‘எதுவும் இல்லை’) என்று திருப்பிவிடும். முகவரி கிடைக்காவிட்டாலும் அதே நன்தான். ஆக, உங்கள் காலி வரிகளில் எது இல்லாத முகவரி, எது நெட் தடுமாறியதால் விட்டுப்போனது என்று பிரிக்கவே முடியாது. பிழையை இப்படி விழுங்கவைக்கும் அமைப்பை (swallow_exceptions) ஃபால்ஸ் (False) ஆக்கி, பிழையை நீங்களே பிடித்துத் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் நேரமான டைம்அவுட்டையும் 10 நொடிக்கு உயர்த்துங்கள். ஜியோபை தானாக வைத்திருப்பது 1 நொடிதான். கிடைத்த பதிலை உடனுக்குடன் கோப்பில் சேமித்துவிட்டால், பாதியில் நின்றாலும் முதலிலிருந்து ஓட்ட வேண்டாம்.

கடலில் விழும் முகவரிகளுக்கு வருவோம். எல்லாம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே ஒரே இடத்தில் குவிந்திருந்தால், காலி வரிகளை யாரோ 0 என்று நிரப்பியிருக்கிறார்கள். 0, 0 என்ற புள்ளி அங்கேதான் இருக்கிறது. அப்படி ஒரே இடத்தில் இல்லையென்றால் அட்சரேகை, தீர்க்கரேகையின் வரிசை மாறியிருக்கலாம். ஜியோபை அட்சரேகையை முதலில் தரும், வரைபடத் தரவை எழுதும் ஜியோஜேசன் (GeoJSON) வடிவம் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். இதில் நானும் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தவறுகள். எனக்குப் பயம், சரியாக வந்தது போலத் தெரியும் வரிகள் மேல்தான். வீட்டு எண் வரைபடத்தில் இல்லையென்றால் தெருவின் புள்ளி வரலாம். ஊர்ப் பெயர் மட்டும் பொருந்தினால் ஊரின் நடுப்புள்ளி வரும். இரண்டுக்கும் தசமத்துக்குப் பின் ஏழு இலக்கம் இருக்கும், அதைப் பார்த்து மயங்காதீர்கள். விடையின் ரா (raw) பகுதியில் டைப் (இடத்தின் வகை), பவுண்டிங்பாக்ஸ் (இடத்தைச் சுற்றி வரையும் பெட்டி) என்று இரண்டு விவரம் வரும். டைப்பில் ஹவுஸ் என்றிருந்தால் நிம்மதி; சிட்டி (நகரம்), அட்மினிஸ்ட்ரேட்டிவ் (நிர்வாகப் பகுதி) என்றிருந்தால் அது வீடு இல்லை. பவுண்டிங்பாக்ஸின் அளவையும் பாருங்கள்: அட்சரேகையில் 1 டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். பெட்டி 0.1 டிகிரி உயரம் என்றால் பதினோரு கிலோமீட்டருக்குள் எங்கோ என்றுதான் பொருள்.

அப்புறம், முகவரியைக் கொஞ்சம் சுத்தம் செய்தும் பாருங்கள். “பேருந்து நிலையம் எதிரில்”, “இரண்டாம் மாடி” போன்றவற்றை நீக்கிவிட்டு, தெரு, ஊர், அஞ்சல் குறியீடு, நாடு என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, பைத்தானின் டிக்‌ஷனரியாகக் கொடுத்தால் நாமினேட்டிம் குழம்புவது குறையும். இவ்வளவுக்குப் பிறகும் வீட்டளவில் கிடைக்காத வரிகளை மட்டும் கட்டணச் சேவைக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன், விடையைச் சேமித்து வைக்க அவர்கள் அனுமதிக்கிறார்களா என்று விதிமுறையைப் படித்துவிடுங்கள்.