அப்பாவுக்கு இரைச்சல், எனக்கு அழுகை

கேள்வி: அக்கா, இன்டர்ஸ்டெல்லார்ங்கிற ஆங்கில விண்வெளிப் படத்த மறுபடியும் தியேட்டர்ல போட்டாங்கன்னு வீட்டுல எல்லாரும் சேந்து போனோம். அந்த சுத்துற கப்பலோட போய் ஒட்டுற சீன்ல ஆர்கன் மியூசிக் ஏற ஏற எனக்கு தேம்பித் தேம்பி அழுகை வந்துடுச்சு. பக்கத்துல அப்பா காதப் பொத்திக்கிட்டார். எம்ஆர்டி ரயில்ல வரும்போது "ஒரே இரைச்சல், பேசுறது ஒண்ணும் புரியல"ன்னார். அண்ணன் தீவிர ராஜா ரசிகன், "இதுல ட்யூன் எங்க இருக்கு, நீ சும்மா சீன் போடுற"ன்னு ஃபேமிலி குரூப்லயும் போட்டுட்டான். இத்தனைக்கும் அப்பா பெருமாள் கோயில்ல நாதஸ்வரம் கேட்டா அசையாம நிக்கிறவர். நான் உணர்ந்தது நெசமா இல்ல எனக்கே நான் நடிச்சுக்கிறேனா? அவங்களுக்கு எப்படி புரிய வைக்கிறது?
– ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: நீ நடிக்கலமா. சங்கீதம் கேட்டு மயிர்க்கூச்செறியுறதும் கண்ணு கலங்குறதும் உடம்பு தானா செய்யுற வேலை, இருட்டுல உக்காந்து யாருக்கும் காட்டுறதுக்காக யாரும் தேம்ப மாட்டாங்க. அந்த சந்தேகத்த இத்தோட விட்டுடு.

ஆனா ஒரு விஷயம், அப்பா சொன்னதும் அண்ணன் சொன்னதும் ஒரே புகார் இல்ல. நீ ரெண்டையும் ஒண்ணா சேத்து "இவங்களுக்கு ரசனை இல்ல"ன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டியோன்னு தோணுது.

அப்பா சொன்னது மியூசிக்க பத்தியே இல்ல, சவுண்ட் மிக்ஸிங்க பத்தி, அதாவது வசனத்தையும் மியூசிக்கையும் எந்த அளவு சத்தத்துல சேக்குறதுங்கிறத பத்தி. 2014ல படம் வந்தப்பவே உலகம் பூரா இதே புகார்தான், அமெரிக்காவுல ஒரு தியேட்டர்ல "எங்க ஸ்பீக்கர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, படமே அப்படித்தான்"னு நோட்டீஸே ஒட்டி வச்சாங்க, டைரக்டர் நோலனும் அதெல்லாம் தெரிஞ்சே செஞ்சதுதான், சில இடத்துல வசனத்தையும் ஒரு சத்தமா மட்டும் வச்சிருக்கேன்னு பேட்டியில சொல்லிட்டார். சரி அது அவரோட முடிவு. ஆனா அமெரிக்க உச்சரிப்புல வேகமா பேசுற வசனம், அதுக்கு மேல ஆர்கன், கீழ சப்டைட்டில் வந்தாலும் நம்ம தியேட்டர்ல பாதி நேரம் சீனத்துலதான் வருது, அப்பா எதப் பிடிச்சுக்கிட்டு அந்த சீனுக்குள்ள போவார் சொல்லு? இந்த விஷயத்துல நான் அப்பா பக்கம்தான். "நீங்க சொன்னது சரிதான்ப்பா"ன்னு நேராவே சொல்லிடு, அத சொன்னாதான் அடுத்த பேச்சுக்கே வழி வரும்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்சு அப்பா சாஞ்சு உக்காந்திருக்கும்போது, படம் இல்லாம வெறும் மியூசிக் ஆல்பம் மட்டும் போடு. போனோட ஸ்பீக்கர்ல போட்டா அடி ஸ்வரமே வராது, யாருகிட்டயாவது நல்ல ஹெட்போன் வாங்கிக்கோ. எடுத்த உடனே அந்த கப்பல் சீன் மியூசிக் வேண்டாம். மெதுவா ஆரம்பிக்கிறத போடு, ஒரு ஸ்வரம் அப்படியே நீளமா நிக்கும், அதுக்கு மேல சின்னதா ஒரு மெட்டு திரும்பத் திரும்ப வரும். அப்பாகிட்ட "நாதஸ்வரத்துக்கு பின்னாடி ஒத்து ஊதுவாங்களேப்பா, அந்த மாதிரி அடியில நிக்கிறத மட்டும் முதல்ல கேளுங்க"ன்னு சொல்லு. ஒத்து கேட்டுப் பழகின காது அது, கண்டிப்பா பிடிச்சுக்கும். ஆர்கனும் காத்து வாத்தியம்தான், குழாய்க்குள்ள காத்து போனாத்தான் சத்தம், இந்தப் படத்துக்கு மியூசிக் போட்ட ஹான்ஸ் ஸிம்மர் அத வேணும்னே தேடி எடுத்தார், லண்டன் டெம்பிள் சர்ச்ல இருக்கிற பழைய ஆர்கன்ல அப்ப அங்க வாசிச்சுக்கிட்டிருந்த ராஜர் சேயர வச்சே வாசிக்க வச்சு ரெக்கார்ட் பண்ணினாங்க. அப்பா காதப் பொத்தினதுக்கும் உனக்கு நெஞ்சு அடைச்சதுக்கும் காரணம் ஒண்ணாவே இருக்கலாம்னு எனக்கு படுது. பெரிய ஆர்கன்ல 32 அடி குழாய் இருக்கும், அதோட அடி ஸ்வரம் செகண்டுக்கு 16 அதிர்வுதான், மனுஷக் காது சாதாரணமா 20க்கு மேலதான் கேக்கும், அதனால அந்த ஆழத்துக்குப் போனா காதுல கேக்குறத விட நெஞ்சுலயும் உக்காந்திருக்கிற சீட்டுலயும்தான் தெரியும். என்ன நடக்குதுன்னு புரிஞ்சு உக்காந்திருக்கிறவங்களுக்கு அது உருக்கம், கதையே பிடிபடாம உக்காந்திருக்கிறவருக்கு அது தொல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்னு, இத நீ அப்பாகிட்ட அவசியம் சொல்லணும். இந்த மியூசிக் விண்வெளிக்காக பொறந்ததே இல்ல. நோலன் ஸிம்மருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார், அதுல ராக்கெட் இல்ல கிரகம் இல்ல, ஒரு அப்பாவுக்கும் புள்ளைக்கும் நடுவுல இருக்கிறது மட்டும்தான். என்ன படம்னே தெரியாம ஸிம்மர் ஒரே நாள்ல அந்த மெட்ட போட்டுக் கொடுத்துட்டார், அதுலேர்ந்துதான் படத்தோட முழு பின்னணி இசையும் வளந்தது. உங்கப்பாவுக்கு இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அந்த சத்தத்த வேற மாதிரி கேட்டிருப்பார்னு நான் நெசமாவே நம்புறேன்.

முடிஞ்சா ஒரு நாள் நம்ம சிங்கப்பூர் எஸ்பிளனேடு கலையரங்கத்துக்கு கூட்டிட்டுப் போ. அங்க கான்சர்ட் ஹால்ல இருக்கிற கிளைஸ் கம்பெனி செஞ்ச ஆர்கன்ல 4,740 குழாய் இருக்கு, நம்ம ஊர்லயே இவ்ளோ பெரிய வாத்தியம் நிக்கிறது நம்மாளுங்க நிறைய பேருக்குத் தெரியாது. விக்டோரியா கான்சர்ட் ஹால்லயும் ஒரு ஆர்கன் இருக்கு. ஆர்கன் வாசிக்கிற நிகழ்ச்சியா பாத்து டிக்கெட் எடு. நேர்ல ஆள் உக்காந்து கையும் காலும் சேத்து வாசிக்கிறத பாத்துட்டா, அப்புறம் அப்பா அத இரைச்சல்னு சொல்றது கஷ்டம்.

இப்ப அண்ணன். ட்யூன் எங்கன்னு கேக்குறது நியாயமான கேள்வி, இந்த மாதிரி படங்கள்ல அந்தச் சண்டை ரொம்ப பழசு. 1968ல டைரக்டர் குப்ரிக் தன் "2001: எ ஸ்பேஸ் ஒடிஸி"ங்கிற விண்வெளிப் படத்துக்கு அலெக்ஸ் நார்த் போட்ட இசைய தூக்கிப் போட்டுட்டு லிகெட்டிங்கிற இசையமைப்பாளரோட மெட்டே இல்லாத கோரஸ் இசையெல்லாம் வச்சார், பாவம் நார்த்துக்கு படத்த போய் பாத்தப்பதான் தன்னுது ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சுது, அந்தப் படத்துலேர்ந்து பாதியில எழுந்து போனவங்க நிறைய பேர். 1977ல ஸ்டார் வார்ஸுக்கு ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவ வச்சு நேர் எதிரா போனார், சின்னப் பசங்க கூட முணுமுணுக்கிற மெட்டு. உங்கண்ணன் ரெண்டாவது கட்சி, அதுல தப்பே இல்ல. மெட்டத் தேடி வளந்த காதுக்கு இன்டர்ஸ்டெல்லார் கொஞ்சம் வறட்சியாத்தான் இருக்கும், எனக்கே சில இடத்துல ஸிம்மர் ஒரே விஷயத்த ரொம்ப நேரம் சுத்துறார்னு தோணும். அவன மாத்தணும்னு நெனக்காத. ராஜா சாரே 2025 மார்ச்சுல லண்டன்ல ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவ வச்சு தன் சிம்பொனிய அரங்கேத்தினார், பாட்டு இல்லாம வார்த்தை இல்லாம முழுக்க ஆர்கெஸ்ட்ரா, அத பத்தி அவன்கிட்ட நீயே பேச்சு எடு, பேசுறதுக்கு உங்க ரெண்டு பேருக்கும் நிறைய இருக்கும்.

ஆனா குரூப்ல "சீன் போடுற"ன்னு போட்டானே, அத அப்படியே விடாத. இசை பிடிக்கலன்னு சொல்ல அவனுக்கு உரிமை இருக்கு, நீ அழுதது பொய்னு சொல்ல இல்ல. குரூப்ல பதிலுக்குப் பதில் போட்டு வளக்க வேண்டாம், தனியா கூப்பிட்டு "அது எனக்கு வலிச்சுதுண்ணா"ன்னு மட்டும் சொல்லு.