அக்குளுக்கு அளவான தலையணை

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்; அடுத்த மாதம் இடது மார்பில் அறுவை சிகிச்சை. அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு கைக்கு அடியில் இதய வடிவத் தலையணை ஒன்று இருந்தால் நிம்மதியாக இருக்கும் என்று கேள்விப்பட்டு, வீட்டில் இருந்த பருத்தித் துணியில் ஒன்று தைத்தேன். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் கல் மாதிரி இறுகிவிட்டது. மேலே இரண்டு வளைவுகளுக்கும் நடுவில் துணி சுருங்கிக் கோணிக்கொண்டு நிற்கிறது. எந்த அளவு, எந்தத் துணி, எவ்வளவு பஞ்சு? சரியாக வந்தால் அதே வார்டில் இருப்பவர்களுக்கும் பத்து இருபது தைத்துக் கொடுக்க ஆசை.

பதில்: அக்காவுக்கு எல்லாம் நல்லபடியாக முடியட்டும். ஒரு மாதம் இருக்கிறது, அவசரமில்லாமல் தைக்கலாம்.

இதயம் என்றதும் நம் கை தானாகவே வாழ்த்து அட்டையில் இருக்கும் இதயத்தை வரைந்துவிடும். குட்டையான இரண்டு வளைவுகள், நடுவில் சின்னப் பள்ளம், கீழே கூர்மையான முனை. கண்ணுக்கு அது அழகுதான். ஆனால் இந்தத் தலையணை உட்காரும் இடம் அக்குள். நடுப் பள்ளம் அக்குளுக்குள் ஏறி உட்கார வேண்டும். ஒரு வளைவு மார்புப் பக்கமும் இன்னொன்று முதுகுப் பக்கமும் போக வேண்டும். முனை கைக்கும் விலாவுக்கும் நடுவில் கீழே தொங்க வேண்டும். அதனால் பள்ளம் ஆழமாகவும் வளைவுகள் நீளமாகவும் இருப்பது அவசியம். நான் வளைவுகளைக் காது என்றுதான் சொல்வேன். உண்மையிலேயே முயல் காது மாதிரி நீண்டிருக்க வேண்டும்.

அக்குளில் கத்தி பட்ட பிறகு கையை எங்கே வைப்பது என்பதே பெரிய பாடாகிவிடும். கீழே தொங்கவிட்டால் கையின் எடை காயத்தை அழுத்தும், உள்கை விலாவில் உரசும். அறுவையில் சேரும் நீரை வெளியேற்ற வடிகுழாய் வைத்திருந்தால், அது பெரும்பாலும் அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில்தான் வெளியே வரும். அதன் மேலும் கை இடிக்கும். உரசாமல் இருக்கத் தோளைக் காதுவரை தூக்கி வைத்துக்கொண்டே நடப்பார்கள். இரண்டு நாளில் கழுத்தும் தோள்பட்டையும் பிடித்துக்கொள்ளும். கைக்கு அடியில் மெத்தென்று ஒன்று தாங்கினால் தோள் தானாக இறங்கிவிடும். அந்தத் தோள் இறங்குவதை நேரில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவருக்கும் அப்போதுதான் மூச்சு வரும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மேல்கையின் உட்புறத் தோலுக்குப் போகும் நரம்பு ஒன்று அக்குள் வழியாகத்தான் போகிறது. நிணநீர் முடிச்சுகளை எடுக்கும்போது அது அறுபடலாம், இல்லையென்றால் இழுபடலாம். அதனால் அந்த இடம் பல மாதம் மரத்துக் கிடக்கும், சிலருக்கு நிரந்தரமாகவே அப்படி இருந்துவிடும். மரத்த தோலில் ஒரு முரட்டுத் தையலோ நூல் முடிச்சோ மணிக்கணக்கில் உரசினாலும் அவருக்குத் தெரியாது, சிவந்து புண்ணான பிறகுதான் கண்ணில் படும். தைக்கும்போது ஏதாவது சந்தேகம் வந்தால் இதை நினைத்துக்கொண்டால் போதும். பொத்தான், மணி, ஜரிகை, லேஸ், ஒட்டுவேலை எதுவும் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

சரி, அளவுக்கு வருவோம். 40 சென்டிமீட்டர் அகலம், 36 சென்டிமீட்டர் உயரம் உள்ள காகிதத்தை அகலவாக்கில் இரண்டாக மடியுங்கள். மடிப்பின் மேல்முனையிலிருந்து 12 சென்டிமீட்டர் இறங்கி ஒரு புள்ளி வையுங்கள், அதுதான் பள்ளத்தின் அடி. அங்கிருந்து மேலே ஏறி, மடிப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி உச்சியைத் தொட்டு, வெளி ஓரத்துக்கு உருண்டு இறங்குங்கள். மேலிருந்து 15 சென்டிமீட்டர் வரும்போது அகலம் முழுதாக இருக்கட்டும். பிறகு சரிந்து கீழே மடிப்புக்கு வாருங்கள். முனையைக் கூராக்காமல் ஒரு ரூபாய் நாணயத்தின் ஓரம் மாதிரி உருட்டிவிடுங்கள்; கூர்முனை விலாவில் குத்தும். இந்த அளவுக்குள் 1 சென்டிமீட்டர் தையல் ஓரமும் அடக்கம். ஒல்லியான, குள்ளமான உடல்வாகு என்றால் மொத்த வடிவத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் தலையணை கோணிக்கொண்டதற்குக் காரணம் பள்ளத்தின் அடி என்றுதான் நினைக்கிறேன். எல்லோருக்கும் அங்கேதான் தவறும். இரண்டு துணிகளையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி வைத்துச் சுற்றிலும் தைத்துக்கொண்டு வரும்போது, பள்ளத்தின் அடிக்கு 2 சென்டிமீட்டர் முன்பிருந்தே தையலைப் பொடிசாக்குங்கள். அடியில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரக் காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, குறுக்கே ஒரே ஒரு தையல் போடுங்கள். திரும்பவும் திருப்பி அடுத்த காதில் ஏறுங்கள். அந்த ஒற்றைத் தையலால் பள்ளம் கூரான வி மாதிரி இல்லாமல் தட்டையான அடியோடு வரும். துணி திரும்ப இடம் கிடைக்கும். பள்ளத்தின் இரு பக்கமும் 2 சென்டிமீட்டர் அளவுக்கு அதே தையலின் மேலேயே இன்னொரு தையல் ஓட்டுங்கள். அப்புறம் கூர்மையான சின்னக் கத்தரியால் ஓரத்திலிருந்து பள்ளத்தை நோக்கி வெட்டுங்கள், தையலுக்கு இரண்டு மூன்று இழை மட்டும் மிச்சம் இருக்கும்வரை. இந்த இடத்தில் கை தயங்கும். தையல் அறுந்துவிடுமோ என்று அரை சென்டிமீட்டர் முன்பே நிறுத்திவிடுவோம், அந்த அரை சென்டிமீட்டர்தான் துணியை இழுத்துக் கோணவைக்கிறது. இரட்டைத் தையல் போட்டிருக்கிறீர்கள், பயப்படாமல் வெட்டுங்கள். காதுகளின் வளைவிலும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு முறை சின்ன வெட்டு கொடுத்தால் சுருக்கம் வராது.

பஞ்சு திணிக்கும் வாயைப் பக்கவாட்டுச் சரிவில், அதிகம் வளையாத இடத்தில் 10 சென்டிமீட்டர் விடுங்கள். பள்ளத்திலோ காதிலோ வேண்டாம். கையால் மூடிய தையல் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் கொஞ்சம் தடிக்கும், அது அக்குளில் படக் கூடாது.

இனி பஞ்சு. கல் மாதிரி என்று எழுதியிருந்தீர்கள். நான் முதன்முதலில் தைத்துக் கொடுத்த தலையணைகளும் அப்படித்தான் இருந்தன. வாங்கிப் பார்த்த செவிலியர் ஒருவர் ஒன்றை எடுத்துத் தன் அக்குளில் வைத்துக் காட்டினார். கை உடம்பிலிருந்து விலகி, குடத்தை இடுக்கிக்கொண்ட மாதிரி நின்றது. எல்லாவற்றையும் எடுத்து வந்து பிரித்துப் பாதிப் பஞ்சை வெளியே எடுத்தேன். அதிலிருந்து எடை போடாமல் நான் திணிப்பதில்லை. மேலே சொன்ன அளவுக்கு 150 முதல் 170 கிராம் பாலியெஸ்டர் பஞ்சு போதும். முதலில் பார்க்கும்போது குறைவாகத்தான் தெரியும், அப்படியே விடுங்கள். கட்டை விரலால் அழுத்தினால் விரல் புதைய வேண்டும், எடுத்ததும் மெதுவாக எழும்ப வேண்டும். பஞ்சைக் கட்டியாகப் போடாமல் விரலால் பிய்த்து, காற்றோட்டமாக உதிர்த்துப் போடுங்கள். முதலில் காதுகள், பிறகு முனை, கடைசியில் நடு. பள்ளத்துக்கு நேர் கீழே மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும்.

இலவம் பஞ்சு வேண்டாம். தூசி உதிரும், துவைத்தால் கட்டி தட்டும். பழைய தலையணையிலிருந்து எடுத்த பஞ்சும் வேண்டாம். ஸ்பாஞ்சுத் துண்டுகளும் வேண்டாம், கட்டி கட்டியாகக் குத்தும். வாசனைப் பொருள் எதையும் உள்ளே வைக்காதீர்கள். அறுவைக்குப் பிறகு கீமோதெரபி தொடர்ந்தால் நல்ல வாசனையே பலருக்குக் குமட்டும்.

துணி நெருக்கமான நெசவுள்ள, மெல்லிய, முழுப் பருத்தியாக இருக்கட்டும். பாப்ளின், கேம்பிரிக் இரண்டும் நன்றாக உழைக்கும். ‘வாயில்’ (voile), மல் மாதிரியான இடைவெளி விட்ட மெல்லிய நெசவுத் துணிகளில் பஞ்சின் இழை வெளியே நீட்டிக்கொண்டு வரும். வெல்வெட், கம்பளித் துணி எல்லாம் வியர்க்க வைக்கும். தொட்டால் ரப்பர் மாதிரி ஒட்டும் அச்சு வேலையும் வேண்டாம். அக்காவுக்கு மட்டும் என்றால் அவர் ஆசையாக உடுத்தி நைந்த பருத்தித் துணியே நல்லது, வாங்கும் எந்தத் துணியும் அதன் மென்மைக்கு ஈடாகாது. வார்டுக்குக் கொடுப்பது புதுத் துணியாகத்தான் இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் ஒரு முறை துவைத்துவிடுங்கள். கஞ்சிப்பசை போகும், சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும்.

நிறம் உங்கள் விருப்பம். பொதுவாக எல்லோரும் இளஞ்சிவப்பையும் ரிப்பன் சின்னத்தையும் தேடிப் போகிறார்கள். படுக்கையில் கண் விழிக்கும்போதெல்லாம் நோயை நினைவூட்டும் துணி எதற்கு என்பது என் எண்ணம். பூப்போட்டது, கட்டம் போட்டது, அவரவருக்குப் பிடித்தது எதுவானாலும் சரி. ஆண்களுக்கும் இந்த நோய் வருகிறது. நூறு பேரில் ஒருவர்கூட இருக்க மாட்டார், ஆனாலும் வார்டுக்குத் தைக்கும்போது இரண்டை எந்த ஆணும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளும் நிறத்தில் தையுங்கள்.

குண்டூசியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தைக்கும்போது குண்டூசியே வேண்டாம், கிளிப் போதும். குண்டூசி இல்லாமல் முடியாது என்றால் எண்ணி எடுத்து, முடிந்ததும் எண்ணி வையுங்கள். ஓர் ஊசி குறைந்தால் அந்தத் தலையணை யாருக்கும் போகக் கூடாது. கையில் கிடைக்கும் நல்ல காந்தத்தை, முடித்த ஒவ்வொரு தலையணையின் மேலும் இரு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். மரத்த தோலைப் பற்றி மேலே சொன்னதை மறக்காதீர்கள்.

அக்காவுடைய தலையணைக்குத் தனியாகக் கழற்றும் உறை இரண்டு தைத்துவிடுங்கள். ஜிப் வேண்டாம், ஒரு பக்கத் துணி இன்னொன்றின் மேல் 8 சென்டிமீட்டர் ஏறி மூடும்படி இருந்தால் போதும். அந்த மூடல் முனைப் பக்கம் வரட்டும். காயத்திலிருந்தும் குழாயிலிருந்தும் கொஞ்சம் கசியத்தான் செய்யும், ஒன்று துவைக்கப் போனால் ஒன்று கையில் இருக்கும்.

பயன்படுத்துவது எளிது. உட்கார்ந்திருக்கும்போது அக்குளில். மல்லாந்து படுக்கும்போது முழங்கையும் சேர்ந்து தாங்கும்படி கைக்கு அடியில். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போது மார்போடு லேசாக அணைத்துக்கொள்ளலாம். இருமல் வந்தால் காயத்தின் மேல் மெல்ல அணைத்துக்கொண்டு இருமினால் அவ்வளவாக இழுக்காது. ஆனால் இது கையைக் கட்டிப்போடும் கருவி ஆகிவிடக் கூடாது. மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொல்லும் கைப் பயிற்சி நேரத்தில் தலையணையை ஓரமாக வைத்துவிட வேண்டும், அசையாத தோள் இறுகிவிடும். தலையணை நழுவாமல் இருக்கட்டும் என்று கையைச் சுற்றி எலாஸ்டிக்கோ பட்டையோ தைக்காதீர்கள். நிணநீர் முடிச்சு எடுத்த கையில் வீக்கம் வரும் வாய்ப்பு உண்டு, அந்தக் கையை எதுவும் இறுக்கக் கூடாது. தொங்கவிட வேண்டும் என்றால் எதிர்த் தோளில் மாட்டும் நீளமான, அகலமான துணிப்பட்டை வைக்கலாம். மார்பை உடனே சீரமைக்கும் அறுவையும் சேர்ந்திருந்தால் எங்கே அழுத்தம் படலாம், எங்கே படக் கூடாது என்பதை அறுவை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தலையணையைப் பயன்படுத்த வேண்டும்.

காரில் வரும்போது சீட் பெல்ட் காயத்தில் உரசும், அதற்கும் இதையே வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தடித்த தலையணையை பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் வைத்தால், வண்டி இடிக்கும் நேரத்தில் பெல்ட் தளர்வாக இருந்ததாக ஆகிவிடும். நான் அதைச் சொல்ல மாட்டேன். உரசாமல் இருக்க மடித்த மெல்லிய துணியளவு போதும், பெல்ட் தோளிலும் மார்பின் நடுவிலும் தட்டையாகப் படிய வேண்டும். பெல்ட்டைக் கைக்கு அடியில் விடும் பழக்கம் கூடவே கூடாது. உடன் வருபவர் ஓட்ட, அக்காவைப் பெல்ட் வலது தோளில் விழும் இருக்கையில் உட்காரவைத்தால் பாதிச் சிரமம் குறையும்.

இந்த வடிவத்தை முதலில் பரப்பியது ஒரு செவிலியர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்த அவர், தனக்கே மார்பக அறுவை நடந்த பிறகு இதன் அருமையை அறிந்தவர். 2006இல் இது டென்மார்க் போனது, அங்கிருந்து பல நாடுகளுக்கும் போய்விட்டது.

வார்டுக்குத் தைப்பதற்கு முன் அங்கே செவிலியர் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில இடங்களில் துவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் மூடிக் கொடுத்தால்தான் ஏற்பார்கள். உள்ளே சின்னச் சீட்டு ஒன்று வையுங்கள். பள்ளம் அக்குளில் வர வேண்டும் என்பது, என்ன துணி, என்ன பஞ்சு, எப்படித் துவைப்பது என்பது மட்டும் அதில் இருந்தால் போதும். இரு பக்கமும் அறுவை நடந்தவருக்கு இரண்டு தலையணை வேண்டும், அதனால் கணக்கில் சிலவற்றை ஜோடியாக ஒரே துணியில் தையுங்கள். கைவசம் துண்டுத் துணி மிஞ்சினால் வடிகுழாயின் சேகரிப்புக் குமிழ் வைக்க 16க்கு 18 சென்டிமீட்டரில் பைகள் தைக்கலாம். குமிழ் காயத்தைவிடக் கீழே தொங்க வேண்டும், அதனால் தோளில் மாட்டும் பட்டையை நீளமாக விட்டு முடிச்சுப் போட்டுக்கொள்ளும்படி செய்யுங்கள்.

முதலில் தைத்த தலையணையைத் தூக்கிப் போடாதீர்கள். வாயைப் பிரித்து, பஞ்சை முழுதாக எடுத்து எடை போட்டுப் பாருங்கள். துணியை உள்பக்கம் திருப்பி, பள்ளத்தில் இரட்டைத் தையல் ஓட்டி, அடிவரை வெட்டிவிட்டு 160 கிராம் மட்டும் திரும்பப் போடுங்கள். பள்ளம் ஆழம் போதாவிட்டால், தைத்த கோட்டுக்கு உள்ளேயே இன்னும் 3 சென்டிமீட்டர் கீழே இறக்கிப் புதுக் கோடு தைக்கலாம். பிறகு உங்கள் இடது அக்குளில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஏதாவது வேலை பாருங்கள். நடுவில் தலையணை இருப்பதே மறந்துபோனால், அடுத்ததை வெட்ட ஆரம்பிக்கலாம்.