டெல்லிக்குப் படிக்கப் போகும் மகளுக்கு: முதலில் அறையைப் பாருங்கள்

கேள்வி: மகள் பி.எஸ்சி. வேளாண்மை முடித்துவிட்டு ஐ.ஏ.எஸ். பயிற்சிக்காக ஜூனில் டெல்லி ஓல்ட் ராஜேந்தர் நகருக்குப் போகிறாள். எங்கள் குடும்பத்தில் யாரும் பெங்களூரைத் தாண்டியதில்லை. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. எப்படிச் சமாளிப்பாள், என்னென்ன கொடுத்தனுப்ப வேண்டும்? (ஒரு தாய், பாலக்கோடு)

அக்கா, மொழியை நினைத்துத்தான் அதிகம் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. அதை விடுங்கள், அது மூன்று மாதத்தில் சரியாகிவிடும். நம் பக்கத்துப் பிள்ளைகளை அங்கே உண்மையில் படுத்துவது அறையும் தட்பவெப்பமும். அதனால் அறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ராஜேந்தர் நகர், 1947 பிரிவினையில் பஞ்சாப் பக்கமிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்த உருவான பகுதி. சின்னச் சின்ன மனைகள். அதன்மேல் இப்போது மாடிக்கு மேல் மாடி கட்டி, ஒரு ஹாலை மூன்றாகத் தடுத்து, ஜன்னல் இல்லாத பொந்தைக்கூட வாடகைக்கு விடுகிறார்கள். தரைக்குக் கீழே அடித்தளத்தில் இருக்கும் அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டவே வேண்டாம். 2024 ஜூலை 27 அன்று பெய்த மழையில் அதே பகுதியில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தள நூலகத்துக்குள் வெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் இறந்து போனார்கள். தங்குவதற்கு மட்டும் இல்லை, உட்கார்ந்து படிக்கவும் அடித்தளம் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையும் வேண்டாம், மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது ராத்திரி பத்து மணிக்கும் குழாயில் வெந்நீர்தான் வரும். முதல் அல்லது இரண்டாம் மாடி, வெளிச்சுவரில் ஒரு ஜன்னல், இரண்டாவதாக ஒரு படிக்கட்டோ வழியோ இருந்தால் இன்னும் நல்லது. இதற்காக மாதம் இரண்டாயிரம் கூடப் போனாலும் கொடுக்கலாம், வேறு எதிலாவது மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் மாதிரி பத்து மாத அட்வான்ஸ் அங்கே கேட்க மாட்டார்கள், பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மாத வாடகைதான். புரோக்கர் வழியாகப் போனால் அரை மாதமோ ஒரு மாதமோ கமிஷன் தனி. கரண்ட் யூனிட்டுக்கு வீட்டுக்காரர் என்ன கணக்குப் போடுகிறார் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். அறைக்கென்று தனியாக சப்-மீட்டர் வைத்து இஷ்டத்துக்கு வசூலிக்கிற இடங்கள் நிறைய. வாடகைக்கு வருபவரின் விவரத்தைப் போலீசில் பதிய வேண்டும், அதற்கு ஆதார் நகலும் போட்டோவும் கையில் இருக்கட்டும்.

அப்புறம் தட்பவெப்பம். ஜூனில் போய் இறங்கும்போது வறண்ட அனல். அப்போது ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும். மாதக் கடைசி வாக்கில் மழை பிடித்து ஈரப்பதம் ஏறியதும் அதே கூலரால் பிரயோஜனம் இல்லை, இது தெரியாமல் கூலரைச் சொந்தமாக வாங்கிவிட்டுத் தவிக்கிறார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து காற்று கெடும். பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த தாளை எரிக்கும் புகையோடு ஊரின் வண்டிப் புகையும் புழுதியும் சேர்ந்து, காற்று அசையாமல் நிற்கும் அந்த நாட்களில் கண்ணே எரியும். என்-95 முகக்கவசம் வேண்டும், துணி மாஸ்க் போதாது. மகளுக்கு வீசிங் தொந்தரவு இருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரைப் பார்த்து மருந்து எழுதி வாங்கிவிடுங்கள்.

ஜனவரியில் 4, 5 டிகிரி வரை இறங்கும், ஓசூர் மார்கழியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஸ்வெட்டரை இங்கே வாங்காதீர்கள். நம் ஊரில் கிடைப்பது அந்தக் குளிருக்குத் தாங்காது. அக்டோபரில் அங்கேயே ரஜாய் என்கிற பஞ்சு மெத்தைப் போர்வையும் உள்ளே போடும் தெர்மலும் வாங்கிக்கொள்ளட்டும். மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் குளிர்காய்வது மட்டும் கூடவே கூடாது. அதன் நச்சுவாயுவால் தூக்கத்திலேயே இறந்துபோவது ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடக்கிறது.

இந்திக்கு ஒரு வழி சொல்கிறேன். பாலக்கோட்டிலேயே உருது பேசும் குடும்பங்கள் இருக்கின்றன, தெரிந்தவர்களிடம் தினமும் அரை மணி நேரம் பேசிப் பழகச் சொல்லுங்கள். நம் பக்கத்து உருது தெரிந்தால் டெல்லிக் கடைத்தெருவில் தாராளமாகப் பிழைக்கலாம். முதலில் எண்கள். இந்தியில் நூறு வரை கிட்டத்தட்ட ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும், ஆட்டோவிலும் காய்கறிக் கடையிலும் ஏமாறுவது அங்கேதான். வீட்டுக்காரம்மா பஞ்சாபியாக இருந்தால் குரல் பெரிதாக இருக்கும், திட்டுகிறார் என்று நினைத்து இவள் ஒடுங்கிப் போக வேண்டாம். ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் அவர்தான் பராத்தாவும் தயிரும் கொண்டுவந்து நிற்பார்.

களிக்கு ஏங்குவாள். ராகி மாவு இரண்டு கிலோவுக்கு மேல் கொடுத்தனுப்பாதீர்கள், மழைக்காலத்தில் வண்டு விழுந்துவிடும். கரோல் பாக் பக்கத்திலேயே இருக்கிறது, பழைய தமிழ்க் குடியிருப்பு, அங்கே நம் மளிகைச் சாமான் கிடைக்கும். திங்கட்கிழமை மார்க்கெட் விடுமுறை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலும் கிடைக்கும். மெஸ்ஸில் ராஜ்மா (சிவப்பு பீன்ஸ்) சாதத்தைப் பழகிக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஆர்.கே. புரத்தில் 1946-இல் தொடங்கிய டெல்லித் தமிழ்ச் சங்கமும், அதன் அருகில் முருகன் குடியிருக்கும் மலை மந்திரும் இருக்கின்றன. போகட்டும், ஆனால் வாராவாரம் அங்கேயே ஒதுங்கிவிட்டால் டெல்லி கடைசிவரை அந்நியமாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை டெல்லி கேட் பக்கம் மகிளா ஹாட்டில் பழைய புத்தகச் சந்தை கூடும், தேர்வுப் புத்தகங்கள் பாதி விலைக்குக் கிடைக்கும். பங்களா சாஹிப் குருத்வாரா என்கிற சீக்கியர் கோவிலில் தலையை மூடிக்கொண்டு யார் வேண்டுமானாலும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம், காசு கிடையாது.

மெட்ரோவில் போகும் திசைக்கு முதல் பெட்டி பெண்களுக்கானது. அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இரண்டையும் போனில் பதிந்து வைக்கட்டும்.

பயணத்துக்குப் பெங்களூர் போய் கர்நாடகா எக்ஸ்பிரஸ் ஏறுவது உங்களுக்கு வசதி, இரண்டு இரவுப் பயணம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், அன்றைக்கே போட்டுவிடுங்கள். அப்பாவோ அண்ணனோ கூடப் போய் ஒரு வாரம் தங்கி, அறையைப் பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் பார்த்த பிறகு முன்பணம் கொடுக்கட்டும்.