நன்றாகப் படிக்கும் மகள் ‘எனக்குக் கணக்கு ஓடாது’ என்கிறாள். இன்னொரு ரியூசன் போடலாமா?

வேண்டாம். எப்படியும் இப்போதே இரண்டு வகுப்புக்குப் போய்வருவாள். பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு நித்திரையும் வேண்டும்.

நான் வன்னியில், விசுவமடுப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறேன். உங்கள் மகளைப் போலவே ஒரு பிள்ளை என் வகுப்பிலும் இருக்கிறாள். தமிழ், வரலாறு எல்லாம் கெட்டிக்காரி. ஒருங்கமை சமன்பாட்டில், அதாவது தெரியாத இரண்டு எண்களை இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துக் கண்டுபிடிக்கும் பாடத்தில், ஒரு வசனக் கணக்குக் கொடுத்தேன். இரண்டு கொப்பியும் மூன்று பேனையும் 190 ரூபா, மூன்று கொப்பியும் ஒரு பேனையும் 215 ரூபா, ஒவ்வொன்றும் என்ன விலை? அவளுடைய தாள் வெறுமை. சரித்துப் பிடித்தால் அழிறப்பர் தேய்த்த இடத்தில் பென்சில் தடம் தெரிகிறது: கொப்பி 65, பேனை 20. ஏன் பிள்ளை அழித்தாய் என்றேன். “எனக்கு வாற விடை பிழையாத்தான் இருக்கும் ரீச்சர்.”

ஹேர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1986இல் இதை விளக்கியிருக்கிறார். பிள்ளை பக்கத்து மேசையோடு மட்டும் தன்னை ஒப்பிடுவதில்லை, தன்னுடைய மற்றப் பாடங்களோடும் ஒப்பிடுகிறது. மொழியில் கெட்டி என்றால், கணக்கில் சுமாராக இருந்தாலே ‘எனக்கு இது வராது’ என்று முடிவு கட்டிவிடும்.

அவளுக்கு நான் புத்திமதி சொல்லவில்லை. விடையைத் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 130உம் 60உம் 190. 195உம் 20உம் 215. “இப்ப சரியோ பிழையோ என்று என்னட்டக் கேட்க வேணுமா?” என்றேன். தலையாட்டினாள், வேண்டாமென்று. கணிதவியலாளர் போல்யா கணக்குத் தீர்ப்பதற்கு 1945இல் சொன்ன நான்கு படிகளில் இந்தத் திரும்பிப் பார்த்தல்தான் கடைசி. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் வகுப்பில் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான். வீட்டில் நீங்களே செய்யலாம், கணிதம் தெரிந்திருக்கத் தேவையில்லை. “இது சரியென்று உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

நம்பிக்கை இருந்தால் போதுமா என்று யாராவது கீழே சண்டைக்கு வர முதல் சொல்லிவிடுகிறேன்: பின்னம் தெரியாத பிள்ளைக்குப் பின்னந்தான் படிப்பிக்க வேண்டும். நான் சொல்வது தெரிந்தும் அழிக்கிற பிள்ளைகளைப் பற்றி.

அப்புறம் இன்னொன்று. ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு வந்தால் போதும், ‘வன்னிப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஓடாது’ என்று தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகளின் காதிலும் அது விழுகிறது. கஷ்டப் பிரதேசச் சேவை முடிந்த கையோடு கணித ஆசிரியர் இடமாற்றம் எடுத்துப் போய்விட, பதிலுக்கு ஒருவரும் வராமல், பாதிப் பாடத்தோடு சோதனை எழுதுகிற பிள்ளைகள் இவர்கள். அந்த வெற்றிடத்தைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை?