ஆய்வேட்டை மின்வடிவில் சமர்ப்பிக்க "சேவ் ஆஸ் பிடிஎஃப்" மட்டும் போதாதா?

கேட்கப்பட்ட கேள்வி: "முனைவர் பட்ட ஆய்வேட்டை மின்வடிவிலும் சமர்ப்பிக்கச் சொல்கிறார்கள். வேர்டில் எழுதி முடித்துவிட்டேன். அப்படியே பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிடலாமா? வேறு என்னென்ன கவனிக்க வேண்டும்?"

பல நேரங்களில் போதும். போதாமல் போனவைதான் என் மேசைக்கு வருகின்றன. ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், மாணவர்கள் ஏற்றும் ஆய்வேட்டுக் கோப்புகளைத் திறந்து பார்த்து, சேமிப்பகத்தில் சேர்க்கலாமா திருப்பி அனுப்பலாமா என்று முடிவு சொல்வது என் வேலை. திருப்பி அனுப்பும் கோப்புகளில் பாதிக்கு மேல் பார்க்க அழகாகவே இருக்கும். ஓரம் சரி, எழுத்து அளவு சரி, இரட்டை வரி இடைவெளி சரி. ஆனால் எழுதியவரும் நெறியாளரும் கண்ணால் மட்டுமே சரிபார்த்திருப்பார்கள். அந்தக் கோப்பை மனிதருக்கு முன்பே தேடுபொறி படிக்கும், பிறர் எழுத்தோடு ஒப்புமை பார்க்கும் மென்பொருள் படிக்கும், பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் படிக்கும். இருபது வருடம் கழித்து இன்று இல்லாத ஏதோ ஒரு கணினியும் படிக்கும். இவற்றுக்கு உங்கள் பக்க அழகு தெரியாது.

அதனால் வேறெதற்கும் முன்னால் ஒரு சோதனை. உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து, நடுவில் ஏதாவது ஒரு பத்தியை காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டுங்கள். அடுத்து, நிச்சயம் இருக்கிறது என்று தெரிந்த ஒரு சொல்லைத் தேடுங்கள். கடைசியாக, உங்கள் எழுத்துருக்கள் இல்லாத வேறொரு கணினியிலோ கைபேசியிலோ திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. இதில் தேறிய கோப்பு பெரும்பாலும் திரும்பி வராது.

ஆய்வேடு தமிழில் என்றால், அல்லது உள்ளே தமிழ் மேற்கோள்கள் நிறைய என்றால், இந்தச் சோதனையை விடவே கூடாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் திரையில் தமிழ் தெரியும். ஒட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த குப்பைதான் வரும். கோப்புக்குள் உண்மையில் இருப்பதும் அதுதான். முழு ஆய்வேடும் அப்படி இருந்தால், எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றாமல் வேறு வழியில்லை. மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து மாற்றிவிடும். மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படித்தாக வேண்டும்.

யூனிகோடில் எழுதியவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 'கொடு' என்று தேடுவீர்கள், அகப்படாது. அந்த இடத்தை காப்பி செய்து ஒட்டினால் 'ெகாடு' என்று கொம்பு முன்னால் வந்து நிற்கும். யூனிகோடில் 'க' முதலில், உயிர்க்குறி அதற்குப் பின்னால். பிடிஎஃப்போ பக்கத்தில் வரையும் வரிசையில் வடிவங்களை அடுக்கி வைக்கிறது: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். திரும்ப எழுத்தாகப் படிக்கும்போது சில கோப்புகளில் அந்த வரிசை அப்படியே தங்கிவிடுகிறது. எல்லா மென்பொருளும் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. வேர்டிலிருந்து ஒரு பக்கம், லிப்ரேஆஃபிஸிலிருந்து அதே பக்கம் என்று மாற்றிப் பார்த்து, எது சரியாக ஒட்டுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே சரிப்படாவிட்டால், பதிவுப் படிவத்தில் தலைப்பு, சுருக்கம், திறவுச்சொற்கள் ஆகியவற்றையாவது நேரடியாக யூனிகோடில் அடித்துவிடுங்கள். தேடுகிறவர் அந்த வழியாக வந்து சேர்வார்.

இந்தத் தொல்லைக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. ஆய்வேட்டை மின்வடிவில் வாங்கலாமா என்று முதலில் கூடிப் பேசியது 1987இல், அமெரிக்காவின் ஆன் ஆர்பரில். கூட்டத்தைக் கூட்டியது ஆய்வேடுகளை மைக்ரோஃபிலிமில் பதிந்துவந்த யுஎம்ஐ நிறுவனம். அப்போது அவர்கள் மனதில் இருந்தது எஸ்ஜிஎம்எல் என்ற குறியீட்டு மொழி: இது அத்தியாயத் தலைப்பு, இது மேற்கோள், இது அடிக்குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி எழுதும் முறை. மாணவர்களுக்கு அது பெரிய பாரம். 1993இல் பிடிஎஃப் வந்தது; அச்சில் தெரிவது போலவே திரையிலும் தெரியும் என்றதும் எல்லோரும் அதன் பக்கம் போனார்கள். 1997இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் மின்வடிவ ஆய்வேட்டைக் கட்டாயமாக்கியபோது பெரும்பாலான மாணவர்கள் கொடுத்தது பிடிஎஃப்தான். தோற்றம் ஜெயித்தது, கட்டமைப்பு பின்னுக்குப் போனது. இன்று நான் திருப்பி அனுப்பும்போது எழுதும் குறிப்புகளில் பாதி, அப்போது விட்டுப்போன கட்டமைப்பைப் பற்றியவைதான்.

அதைச் சரிசெய்ய வேர்டிலேயே வசதி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. அத்தியாயத் தலைப்பை போல்டு போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, நடுவில் வைத்தால் அது தலைப்பு ஆகிவிடாது. கணினிக்கு அது கொஞ்சம் தடித்த பத்தி. 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்ற ஸ்டைல்களைப் போடுங்கள். பொருளடக்கத்தைக் கையால் அடித்துப் புள்ளி வைத்துப் பக்க எண் எழுதாதீர்கள். ஸ்டைல் போட்டிருந்தால் அதுவே உருவாகும், பக்கம் நகர்ந்தாலும் திருத்திக்கொள்ளும். அட்டவணை, பட வரிசைகளுக்கும் 'இன்சர்ட் கேப்ஷன்' இருக்கிறது. முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும் முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2 என்றும் வேண்டுமென்றால் 'செக்ஷன் பிரேக்' போட வேண்டும். தனித்தனிக் கோப்பாக வைத்துக் கடைசியில் ஒட்டுகிறவர்கள் பக்க எண்ணில் மாட்டிக்கொள்வார்கள்.

பிறகு மாற்றும் விதம். 'பிரிண்ட்' போய் பிடிஎஃப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தால் அது அச்சுக்கான தாளை மட்டும்தான் கொடுக்கும். இடப்பக்கம் வரும் புக்மார்க்குகளும் பொருளடக்கத்தின் சொடுக்கும் இணைப்புகளும் போய்விடும். 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, 'ஆப்ஷன்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். அங்கே தலைப்புகளிலிருந்து புக்மார்க் உருவாக்கும் பெட்டியும் பிடிஎஃப்/ஏ என்ற பெட்டியும் இருக்கும். இரண்டையும் டிக் செய்யுங்கள்.

பிடிஎஃப்/ஏ என்பது நீண்ட காலம் பாதுகாப்பதற்கென்றே 2005இல் ஐஎஸ்ஓ 19005 என்ற எண்ணில் வந்த தரம். கோப்பு தன்னைத் தவிர வெளியே எதையும் நம்பி இருக்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. எழுத்துருக்கள் எல்லாம் உள்ளேயே பதிந்திருக்க வேண்டும், கடவுச்சொல் கூடாது, ஜாவாஸ்கிரிப்ட் கூடாது. 2011இல் வந்த இரண்டாம் பகுதி படங்களில் ஒளி ஊடுருவும் விளைவுகளை அனுமதித்தது. 2012இல் வந்த மூன்றாம் பகுதியில் எந்த வகைக் கோப்பையும் இணைப்பாக உள்ளே வைக்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் எந்தப் பகுதியைக் கேட்கிறது என்று பாருங்கள். '1பி' அல்லது '2பி' என்றிருக்கும். அக்ரோபேட்டில் திறந்தால் மேலே நீலப்பட்டை ஒன்று வந்து, இந்தக் கோப்பு பிடிஎஃப்/ஏ தரத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறது என்று எழுதியிருக்கும். சொல்லிக்கொள்வதுதான், உறுதியில்லை. வெராபிடிஎஃப் என்ற இலவச மென்பொருளில் போட்டால் உண்மை தெரியும்.

கடவுச்சொல் பற்றி ஒரு வார்த்தை. யாராவது திருடிவிடுவார்கள் என்ற பயத்தில் காப்பி செய்ய முடியாதபடி பூட்டிக் கொடுக்கிறார்கள். அந்தப் பூட்டைக் கழற்றித் தரும் தளங்கள் இணையம் முழுக்க இருக்கின்றன. அதனால் திருடுகிறவருக்கு ஒரு நிமிடம்தான் தாமதம். ஒழுங்காக மேற்கோள் காட்ட வந்தவரும் திரைவாசிப்பானை நம்பியிருப்பவரும்தான் வெளியே நிற்கிறார்கள்.

வேர்டுக்குப் பதில், கட்டளைகளால் ஆவணம் அமைக்கும் லேடெக் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஸ்டைல் பிரச்சினை கிடையாது, படங்களில்தான் சிக்கல். பைத்தான் நிரலில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப், தன் வரைபடங்களில் 'டைப் 3' என்ற வகை எழுத்துருவை இயல்பாகப் போடும். சில சமர்ப்பிப்புத் தளங்கள் அதை ஏற்காது. மேட்பிளாட்லிப் அமைப்பில் ஃபான்ட்டைப் (pdf.fonttype) எண்ணை 42 ஆக்கினால் தீர்ந்தது. தமிழ் வேண்டுமென்றால் லேடெக்கின் யூனிகோடு வகைகளான ஸீலேடெக் அல்லது லுவாலேடெக்.

அடுத்து, கண்ணுக்கே தெரியாத பகுதி. பிடிஎஃப்பின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து பாருங்கள். தலைப்பு என்ற இடத்தில் 'ஃபைனல் கரெக்டட் நியூ 3' என்றும் ஆசிரியர் என்ற இடத்தில் டைப்பிங் செய்து கொடுத்தவர் பெயரோ 'அட்மின்' என்றோ இருக்கும். ஐந்து வருடம் உழைத்தது நீங்கள், கோப்பின் உள்ளே பெயர் வேறொருவருடையது. தலைப்பு, பெயர், திறவுச்சொற்கள் மூன்றையும் வேர்டிலேயே நிரப்பிவிட்டு மாற்றுங்கள். தலைப்பில் வேதி வாய்பாடோ கிரேக்க எழுத்தோ இருந்தால் படிவத்தில் சொல்லாக எழுதுங்கள். நெறியாளரின் ஓரக் குறிப்புகளும் 'டிராக் சேஞ்சஸ்' திருத்தங்களும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். "இந்த அத்தியாயம் தேறாது, மாற்றி எழுது" என்ற குறிப்போடு ஏற்றப்பட்ட கோப்பையும் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பின்னிணைப்புகள். நேர்காணல் கொடுத்தவர்களின் பெயர், தொலைபேசி எண், சில நேரம் நோய் விவரம் வரை அப்படியே இருக்கும். மறைக்கச் சொன்னால் மேலே ஒரு கறுப்புக் கட்டத்தை வரைந்து அனுப்புகிறார்கள். அந்தக் கட்டத்தின் மேல் சுட்டியை இழுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்: பெயர் முழுசாக வந்து விழும். கட்டம் மூடியது காகிதத்தை, எழுத்து அடியில் பத்திரமாக இருக்கிறது. வேர்டிலேயே பெயரை அழித்து 'பங்கேற்பாளர் 7' என்று எழுதிவிட்டு மறுபடி மாற்றுவதுதான் சரி. அச்சுப்படி நூலக அலமாரியில் இருந்தபோது அதைப் புரட்டியவர்கள் மிகக் குறைவு. இணையத்தில் ஏறிவிட்டால் அந்தத் தொலைபேசி எண்ணைத் தேடுகிறவர் முன் உங்கள் ஆய்வேடு வந்து நிற்கும்.

கையொப்பப் பக்கத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். அதை மட்டும் ஸ்கேன் செய்து சேருங்கள், 300 டிபிஐ போதும். சான்றிதழில் கையெழுத்து வேண்டும் என்பதற்காக முழு ஆய்வேட்டையும் அச்செடுத்து ஸ்கேன் செய்து கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எழுத்தே இல்லாத படக்குவியல். சில பல்கலைக்கழகங்கள் பொதுத்தளத்துக்குக் கையொப்பம் இல்லாத படியையே கேட்கின்றன. நியாயமானதுதான்.

உரிமை விஷயத்துக்கு வருவோம். வேறொருவர் நூலிலிருந்து எடுத்த படம், வரைபடம் என்றால் மூலத்தைச் சொன்னால் மட்டும் போதாது, பல நேரம் அனுமதியும் வேண்டும். உங்கள் சொந்தக் கட்டுரையே இதழில் வந்திருந்தால், பதிப்புரிமையை எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று அந்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஆய்வேட்டில் சேர்க்கப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் அச்சான பக்கத்தை அப்படியே ஒட்டக் கூடாது, ஏற்கப்பட்ட கைப்பிரதியைத்தான் வைக்கலாம் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும்.

படிவத்தில் 'எம்பார்கோ' என்று ஒரு கட்டம் இருக்கும். ஆறு மாதமோ, ஒரு வருடமோ, இரண்டு வருடமோ வெளியிடாமல் நிறுத்தி வைப்பது. எல்லோரும் யோசிக்காமல் தாண்டிப்போகும் கட்டம் இது. ஆய்வை நூலாக்கும் திட்டம் இருந்தால் பதிப்பாளரிடம் முதலில் கேளுங்கள். காப்புரிமை வாங்கும் எண்ணம் இருந்தால் கட்டாயம் நிறுத்தி வையுங்கள்: இணையத்தில் வந்துவிட்டால் அது பகிரங்கமாக்கியதாகவே கொள்ளப்படும். கண்டுபிடிப்பாளரே வெளியிட்டது என்றால் அமெரிக்கச் சட்டம் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் தருகிறது, ஐரோப்பியக் காப்புரிமை முறையில் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. இந்த இரண்டும் இல்லையென்றால் உடனே திறந்துவிடுங்கள் என்பதே என் கட்சி. பூட்டிக் கிடக்கும் ஆய்வேட்டை யாரும் மேற்கோள் காட்டப்போவதில்லை. பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுப்பதாக இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: கொடுத்ததைப் பிறகு திரும்பப் பெற முடியாது.

ஒப்புமைச் சோதனைக்கு வரைவைக் கொடுக்கும்போது, அதைத் தரவுத்தளத்தில் சேமிக்காத அமைப்பில் போடச் சொல்லுங்கள். சேமித்துவிட்டால், இறுதிப் படியைப் போடும்போது உங்கள் ஆய்வேடு உங்கள் ஆய்வேட்டோடேயே ஒத்துப்போகிறது என்று அறிக்கை வரும். விளக்கிப் புரியவைக்கலாம்தான், அதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

ஏற்றும் நாளில் கோப்புப் பெயரில் இடைவெளியும் சிறப்புக்குறியும் வேண்டாம். அளவு வரம்பைத் தாண்டினால் முழு பிடிஎஃப்பையும் சுருக்கும் தளத்தில் போடாதீர்கள். பிடிஎஃப்/ஏ தரமும் புக்மார்க்கும் அதில் அடிபடும். பெரிய படங்களை மூலக் கோப்பிலேயே குறையுங்கள். காணொளி, பெரிய தரவு அட்டவணை இருந்தால் தனிக் கோப்பாகக் கொடுங்கள், அல்லது ஸெனோடோ போன்ற சேமிப்பகத்தில் வைத்து அதன் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐயை ஆய்வேட்டில் குறிப்பிடுங்கள். ஏற்றியதும், ஏறிய கோப்பையே மறுபடி இறக்கித் திறந்து கடைசிப் பக்கம் வரை போங்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குப் பிந்தைய திருத்தங்களோடு கூடிய படிதானா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்; ஏற்றுக்கொண்ட பிறகு கோப்பை மாற்றித்தரச் சொல்லி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றை நாங்கள் நிராகரிக்கிறோம்.

உங்கள் பக்கம் வெளியானதும், உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதை எடுக்காமல், பக்கத்தில் தனியாகக் கொடுத்திருக்கும் நிரந்தர இணைப்பை எடுத்துத் தன்விவரக் குறிப்பிலும், ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்க்கிட் தளத்தின் கணக்கிலும் போடுங்கள். சேமிப்பகத்தின் மென்பொருள் மாறும்போது மற்ற முகவரிகள் எல்லாம் செத்துப்போகும்.